இந்திராணி அக்கா ஒட்டிய தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்களுக்கு எதிர் வீட்டுக் காம்பராவில் இருப்பவர் சொன்னார்.

"ஒங்க மீன்கட அக்கா விடிய ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டாங்களாம் புள்ள. புது மீன் தொட்டி தானா வெடிச்சிருச்சாமே. ஒட்டு சரியில்லன்னு சொல்லுறாங்க."

குடம் நிறைந்து வழிந்தது. அதை நகர்த்த எனக்குத் தோன்றவில்லை. தொட்டி உடைந்தபோது நான் கட்டுகஸ்தோட்டைக் கடையில் ஐந்தடி தூரத்தில் நின்றேன். அது தானாக வெடிக்கவில்லை. அடித்து உடைக்கப்பட்டது. ஆனால் பீலிக்கரையில் அதை நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். முந்தின நாள் நான் ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே அந்தப் பொய் அங்கே வந்து சேர்ந்திருந்தது போலும்.

அக்காவை அறிந்தவர்கள் கண்டியில் பலர் இருக்கிறார்கள். அவர் ஒட்டிய தொட்டிகள் உங்கள் வீடுகளிலும் கடைகளிலும் நிற்கின்றன. இப்போது நீங்கள் அவற்றைப் பயத்தோடு பார்ப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்துக் கடை ஹனீபா நானா இதை அச்சடித்துக் கடை கடையாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திராணி அக்கா நாவலப்பிட்டியில் பிறந்தவர். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். ஓய்வு பெற்றபோது கட்டுகஸ்தோட்டையில் ஒற்றை அறையாக ஒரு கடை வாங்கினார். சாகும்முன் அதற்கு மகள் பெயரையும் மகன் பெயரையும் சேர்த்து உறுதிப் பத்திரம் எழுதிவைத்தார். மகள் அந்த அறையில் வளர்ப்பு மீன்கடை போட்டார். மகன் மோகன் ஆட்டோ ஓட்டினார். அம்மா முன்பே இறந்துவிட்டதால் தம்பியை வளர்த்ததும் அக்காதான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"தொட்டியில இருக்கிற ஆம்பளைங்களே போதும் சார். சாப்பாடு போட்டா கடிக்காம இருக்காங்க" என்பார்.

அவருடைய இரண்டு கைகளிலும் கண்ணாடி கிழித்த கோடுகள் இருந்தன. கையுறை போட மாட்டார். கண்ணாடியை வெட்டும்போது விரலில் இரத்தம் வந்தால் அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடருவார். கோபமும் அப்படித்தான். வந்தால் கையில் இருப்பதை எறிந்துவிடுவார். வலைக்கம்பு, சிலிக்கன் குழாய், ஒருமுறை அரைவாசி சாப்பிட்ட பணிஸ். எறிந்துவிட்டு அவரே போய்ப் பொறுக்கி எடுப்பார். அவர் சாந்தமானவர் என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வாசிக்காததற்கு விரல் முட்டியில் அடிமட்டத்தால் அடி விழும். ஒருநாள் முட்டி வெடித்து இரத்தம் கொப்பியில் சிந்தியது. அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சில மாதம் பார்த்துவிட்டு அப்பா என்னைக் கடைக்கு அழைத்துவந்தார்.

"பேசுவியா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன்.

"பேசுவா, கொஞ்சம் வெக்கம்" என்றார் அப்பா.

"மீனும் பேசாது. அது பரவாயில்ல. ஆனா ஏதாவது தெரியலன்னா கேக்கணும். சரியா?"

தலையை ஆட்டினேன். ஆனால் கேட்கவில்லை. இரண்டாம் நாளே, போத்தல்களைக் கழுவுவதற்காக இரண்டு ஆண் சண்டை மீன்களை ஒரே வாளிக்குள் விட்டேன். ஒன்றாக விடலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. திரும்பி வந்தபோது ஒன்று மல்லாந்து கிடந்தது. அதற்கு வாலும் இல்லை, செட்டைகளும் இல்லை. மற்றது அதைச் சுற்றிச் சுற்றி வந்து இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா செத்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒன் வெக்கத்துக்கு இதோட உசுரு போயிருச்சு. பாத்துக்க."

அதைச் சொன்ன கையோடு எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அப்படித்தான் நான் அங்கே இரண்டு வருடம் இருந்தேன்.

மோகன் அண்ணனுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. வாகனங்களுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டும் கடை போட நினைத்தார். முதலில் கேட்டார். பிறகு சத்தம் போட்டார். போன வருடம் ஒரு காலையில் ஆட்டோவை நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"தண்ணிய வித்துக்கிட்டு இருக்க எடமா இது? என் பங்க குடு."

"பாதிய எடுத்துக்க. சுவரு கட்டு. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான்."

"பாதியில என்னாத்த செய்ய?"

"நான் முழுசுல என்னா செய்றேனோ அதுல பாதிய செய்."

அவர் தொட்டிகள் அடுக்கிய இரும்பு ராக்கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஏழு சின்னத் தொட்டிகள் முகம் குப்புற விழுந்தன. அந்தச் சத்தத்தில் தெருவே நின்றது. அக்கா மூலையில் கிடந்த பீவீசி குழாயை எடுத்து அவருடைய காதோடு அடித்தார். அவர் அக்காவின் முகத்தில் குத்தினார். அக்கா மறுபடி அடித்தார். இருவருக்கும் இரத்தம் ஓடியது. கடைசியில் ஹனீபா நானா தன் இரும்புக்கடையிலிருந்து ஓடிவந்து மோகன் அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வெளியே தள்ளினார்.

அக்காவின் உதடு கிழிந்து தொங்கியது. நான் துணியை நீட்டினேன். அவர் தட்டிவிட்டார்.

"மொதல்ல மீன். மூஞ்சி அப்பறம்."

மூன்று பேரும் முட்டிபோட்டுக் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் துள்ளிய மீன்களைப் பொறுக்கினோம். ஹனீபா நானாவின் பெயின்ட் வாளிகளில் அவற்றைப் போட்டோம்.

"பொலிசுக்குப் போவம் தங்கச்சி" என்றார் நானா.

"என் தம்பி நானா. நான் தூக்கி வளத்தவன்."

"வளத்த லட்சணம் ஒங்கட மூஞ்சில இரிக்கி. கண்ணாடியில பாருங்க."

"கண்ணாடி எங்க நானா இருக்கு? எல்லாத்தையும் ஒடச்சிட்டானே" என்றார் அக்கா. கிழிந்த உதட்டோடு சிரித்தார். சிரித்தபோது இன்னும் கொஞ்சம் இரத்தம் வந்தது.

ராக்கை விழுந்தபின் கடை வெறிச்சோடிக் கிடந்தது. அப்போதுதான் பேராதனையில் ஒரு பல் வைத்தியர், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு நாலடித் தொட்டி ஒன்று வேண்டும் என்றார். உஷ்ணத் தண்ணீரில் வாழும் வெப்பநாட்டு மீன்களோடு வேண்டும் என்றார். அந்தத் தொட்டி நன்றாக அமைந்தால் கடை மறுபடி எழுந்துவிடும் என்று அக்கா நம்பினார்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெறும் தொட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒட்டி, காயவைத்து, தண்ணீர் ஊற்றி, மீன் விட்டு, ஒரு மாதம் தன் கடையிலேயே ஓடவிட்டுப் பார்ப்பார். அதன்பிறகே கொடுப்பார். நாலடித் தொட்டியை அவர் ஒட்டியதை நான் கூட இருந்து பார்த்தேன். ஐந்து கண்ணாடிகள். ஒவ்வொரு விளிம்பையும் ஸ்பிரிட்டால் மூன்று தடவை துடைத்தார். சிலிக்கனை ஒரே இழுப்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு வாரம் யாரையும் தொடவிடவில்லை. பிறகு அடியில் பத்திரிகைத் தாளை விரித்துத் தண்ணீரை நிரப்பினார். மூன்று நாள் கழித்துத் தாளை உருவி எடுத்தார். அது மொறமொறவென்று காய்ந்திருந்தது. அந்தத் தாளை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக மடித்து வைத்தார்.

புதுத் தொட்டியில் சிலிக்கனின் புளித்த வாசம் இருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மகாவலிக் கரையில் எடுத்த மரக்கட்டையை உள்ளே வைத்தால் தண்ணீர் பால் விடாத பிளேன்டி நிறமாகிவிடும். இவற்றையெல்லாம் எடுக்கத்தான் கரி. வீட்டுக் கரி சரிவராது. நான் தெரியாமல் ஒருநாள் எங்கள் இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக்கரியை ஒரு பையில் கொண்டுபோனேன்.

"மீனுக்கு சட்ட தேய்க்கப் போறியா?" என்று அக்கா கேட்டார்.

அதே தேங்காய்ச் சிரட்டைதான். ஆனால் தொழிற்சாலையில் நீராவியில் மறுபடி வேகவைத்து, கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழச் செய்திருப்பார்கள். அந்தத் துளைகள்தான் அழுக்கைப் பிடிக்கின்றன. அதைக் கறுப்புத் தூள் போகும்வரை அலசி, வலைப் பையில் கட்டி, பில்டரில் ஸ்பொஞ்சுக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் குப்பை அடைத்துவிடும். சில வாரத்தில் துளைகள் நிரம்பிவிடும், மாற்ற வேண்டும். மீனுக்கு மருந்து போடும்போது கரியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மருந்தையும் அது குடித்துவிடும்.

நாலடித் தொட்டியில் கரி போட்ட மறுநாள் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, அன்றைக்கே எல்லா மீனையும் விடச் சொன்னார்.

"இல்ல டொக்டர். தண்ணி தெளிவா இருந்தா சுத்தம்னு நெனைக்காதீங்க. கரி நாத்தத்தப் புடிக்கும், நெறத்தப் புடிக்கும், மருந்தப் புடிக்கும். மீன் மூத்திரத்தப் புடிக்காது. அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க, கண்ணுக்குத் தெரியாதவங்க. அவங்க இந்த ஸ்பொஞ்சுல குடிவரணும். பல்லப் புடுங்கின அன்னைக்கே முறுக்கு சாப்பிடச் சொல்லுவீங்களா?"

வைத்தியர் சிரித்தார். அக்கா பழைய தொட்டியின் ஸ்பொஞ்சில் பாதியை வெட்டிப் புதியதில் வைத்தார். இரண்டு வாரம் கழித்து ஆறு ஏஞ்சல் மீன்களும் ஒரு கூட்டம் நியோன் மீன்களும் விட்டார்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா ஹீட்டர் வாங்கக் கண்டி டவுனுக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். மோகன் அண்ணன் வந்தார். கையில் கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டின் இருந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கி, டின்னில் வெறும் காற்று வரும்வரை தண்ணீர்மேல் அடித்தார். பிறகு என் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தைக் கண்ணாடியோடு வைத்து அழுத்தினார். என் பல் கண்ணாடியில் மோதியது.

"பாரு. நல்லாப் பாரு. ஆனா நீ ஒன்னும் பாக்கல. வெளங்குதா?"

என் கண்ணுக்கு அந்தப் பக்கம் நியோன்கள் திருகாணிபோலச் சுழன்றன. ஒரு ஏஞ்சல் கண்ணாடியில் வந்து வந்து முட்டியது. அவர் டின்னைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்தில் ஹனீபா நானா இருந்தார். நான் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வாளியால் மொண்டு பாதித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். பீப்பாயில் இருந்த பழைய தண்ணீரை விட்டேன். கடையிலிருந்த கரி முழுவதையும் அலசிக் கட்டிப் பில்டரில் வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கொருதரம் பையை மாற்றினேன். நியோன்கள் எல்லாம் செத்தன. நாலு ஏஞ்சல்கள் பிழைத்தன. அக்கா வந்தபோது தண்ணீர் பளிங்காக இருந்தது. நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அக்காவிடம் மட்டும் எனக்கு எப்படியோ பேச்சு வரும்.

இந்தத் தடவை அக்கா பொலிசுக்குப் போனார். மறுநாள் காலை ஒரு சார்ஜன்ட் வந்தார். மோகன் அண்ணனையும் அழைத்துவந்திருந்தார். சார்ஜன்ட் தொட்டிக்குமேல் குனிந்து மூக்கால் இழுத்துப் பார்த்தார். விரலை நனைத்து முகர்ந்தார். நாலு ஏஞ்சல்களும் அவருடைய விரலுக்குத் தீனி கேட்டு வந்தன.

"வத்துர ஹொந்தாய் நே" என்றார் சிங்களத்தில். தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம்.

மோகன் அண்ணன் சிரித்தார். அப்போதுதான் நான் செய்த தவறு எனக்கு விளங்கியது. விஷத்தைக் காட்ட வேண்டிய தண்ணீரிலிருந்து விஷத்தை நானே கரிபோட்டு எடுத்துவிட்டிருந்தேன். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். செத்த மீன்களையும் காக்கைக்கு எறிந்துவிட்டேன். இனி இருந்த ஒரே சாட்சி நான்.

சார்ஜன்ட் என்னைத் தங்கை என்று கூப்பிட்டு, நீ பார்த்தாயா என்று கேட்டார். அது எனக்கு விளங்கியது. ஹனீபா நானா தமிழில் திரும்பக் கேட்டார்.

"சொல்லு மகள். பயப்படாம சொல்லு. இவன் வந்தானா?"

மோகன் அண்ணன் என் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ் போனது. சார்ஜன்ட் புத்தகத்தில் குடும்பத் தகராறு என்று ஏதோ எழுதி மூடினார்.

அவர்கள் போனதும் அக்கா என்னைக் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துப்போனது. இதை மறைத்து எழுதலாம் என்று ஹனீபா நானா சொன்னார். வேண்டாம். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் அக்கா நான் கழற்றி வைத்த கரிப்பைகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுப் பொலிசுக்குக் கொண்டுபோனார். விஷம் தண்ணீரில் இல்லை, இதற்குள்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் மேசையில் ஒழுகியதால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்து டப்பாவைச் சுவரில் எறிந்தார். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாயந்தரம், நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது கூப்பிட்டார்.

"ஒன்மேல கோவம் போகல. போகும். மீனக் காப்பாத்தினது தப்பில்ல. ஒரு போத்தல் தண்ணிய எடுத்து வச்சிட்டுக் கரியப் போட்டிருக்கணும். அது தெரியாமப் பண்ணிட்ட. பேசாம நின்னதுதான் தெரிஞ்சே பண்ணது."

"அவரு என்னய அடிப்பாரு அக்கா."

"அடிப்பான்தான். என்னயும்தான் அடிக்கிறான்."

பிறகு, "நாளைக்கு வெள்ளன வா. ஏஞ்சலுக்கு எறா அவிக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான் அக்கா உயிரோடு இருந்தார்.

போன சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். திங்கட்கிழமை வைத்தியரின் லொறி வரும் என்பதால் அக்கா தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோகன் அண்ணன் ஆட்டோவின் வீல் ஸ்பேனரோடு வந்தார். குடித்திருக்கவில்லை. அதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

"திங்கக்கெழம இது போகுதாமே. போனா கட மறுபடி நடக்கும். நடந்தா நீ இந்த எடத்த விட்டு எழும்ப மாட்ட."

"எழும்ப மாட்டேன். சரியாத்தான் சொல்லுற."

"தள்ளு."

அக்கா தள்ளவில்லை. தொட்டிக்கு முன்னால் திரும்பி நின்று கைகளை விரித்தார்.

"அடி. என்னய அடி. தொட்டிய அடிக்காத. ரெண்டு ஆளு தூக்குற தண்ணி இல்லடா இது, தெருவுக்கே வந்து சேரும்."

அவர் அக்காவின் தோளுக்கு மேலால் ஸ்பேனரை வீசினார். முதல் அடி சட்டத்தில் பட்டது. இரண்டாவது முன்கண்ணாடியின் நடுவில் விழுந்தது. வெள்ளையாக ஒரு நட்சத்திரம் எழும்பியதைப் பார்த்தேன். பிறகு கண்ணாடி நீளநீளமாகப் பிளந்து தண்ணீரோடு சேர்ந்து வெளியே வந்தது. தண்ணீர் அக்காவின் முதுகில் அடித்து அவரை முன்னால் தள்ளியது. கீழே விழுந்து கிடந்த துண்டுகளின்மேல் அவர் கையை ஊன்றி விழுந்தார். வலது கையின் உட்புறம் முழங்கை வரைக்கும் திறந்துவிட்டது. இரத்தம் தண்ணீரில் பரவி வாசலைத் தாண்டி வடிகானுக்குப் போனது. ஏஞ்சல்கள் அதில் கிடந்து துடித்தன. அன்று நான் மீன்களை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். மோகன் அண்ணன் ஸ்பேனரை ஆட்டோ சீட்டுக்கு அடியில் எறிந்துவிட்டு எல்லோருக்கும் முதலில் பேசினார்.

"தொட்டி வெடிச்சிருச்சு. புதுசு. ஒட்டு விட்டிருச்சு."

அவர் சொன்ன அந்த வார்த்தைகளைத்தான் கூடியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கும், கண்டிக்கும், எங்கள் பீலிக்கரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நான் என் சால்வையை இறுக்கி அக்காவின் கையைக் கட்டினேன். ஹனீபா நானாவின் வேனில் பின்சீட்டில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. முகம் காகிதம்போல வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூன்றே தடவைதான் பேசினார்.

முதலில், "ஹீட்டர் பிளக்க கழட்டுனியா? கரண்ட் அடிச்சிரும்" என்றார். கழற்றிவிட்டேன் என்றேன். பொய்தான், ஹனீபா நானாவின் ஆட்கள் பிறகு கழற்றினார்கள்.

பிறகு, "அவன் எங்க?" என்றார். பயத்திலா பாசத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் திரும்பும்போது கண்ணைத் திறந்து, "ஒட்டு விடலதானே?" என்று கேட்டார்.

"விடல அக்கா."

அதற்குப் பிறகு அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாலு மணிவரை வாசலில் நின்றேன். ஒபரேஷன் முடிந்துவிட்டது, இரத்தம் ஏற்றுகிறார்கள், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்குச் செய்திதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிணவறைக்கு வெளியே நாவலப்பிட்டியிலிருந்து வந்த அக்காவின் சித்தி இருந்தார். மோகன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். உள்ளே மரண விசாரணை நடக்கப்போகிறது என்றார்கள். சித்தி என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ பாத்தத நான் இல்லங்கல புள்ள. ஒரு மூணு நாளு பொறு. அவளுக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. கொள்ளி வைக்க இவன் ஒருத்தன்தான். இப்ப சொன்னா இவனப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. அநாதையா எரிப்பாங்க அவள. கொள்ளி வச்சதுக்கப்பறம் நீ யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்க."

அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்காகத்தான் கேட்டார். எனக்கு அது விளங்கியது. மூன்று நாளில் விசாரணை எழுத்து எழுதி முடிந்துவிடும் என்பதும் விளங்கியது. ஒட்டு விட்டதால் செத்தார் என்று எழுதுவார்கள். தொட்டியை உடைத்த கையாலேயே அவருக்குக் கொள்ளியும் வைக்க விடுவார்கள்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட வயதானவர். தமிழ் பேசினார். மோகன் அண்ணன் முதலில் சொன்னார். தொட்டி தானாக வெடித்தது, அக்காவுக்கு ஒட்டத் தெரியாது, எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை என்றார். அழவும் செய்தார்.

"வேற யாரும் அந்த நேரம் இருந்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"யார் நீங்க? என்ன?"

"இவரு அடிச்சாரு" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மகள்."

"இவரு அடிச்சாரு. வீல் ஸ்பேனரால. அக்கா முன்னால நின்னாங்க. ரெண்டு அடி அடிச்சாரு. ஒட்டு விடல. அக்கா ஒட்டின ஒரு ஒட்டும் விடல. போய்ப் பாருங்க."

மோகன் அண்ணன் பாய்ந்தார். என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். தலை இரண்டு தடவை மோதியது. அப்பா அவருடைய கையைக் கடித்தார். பொலிஸ்காரர்கள் இருவர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தார்கள். கழுத்தில் விரல் பதிந்த இடம் இன்று மஞ்சளாகிவிட்டது.

ஹனீபா நானா கடையைப் பூட்டி வைத்திருந்தார். ஒரு கண்ணாடித் துண்டையும் கூட்ட விடவில்லை. அன்று பின்னேரம் பொலிஸ் பெரியவர் ஒருவர் வந்து தொட்டியைப் பார்த்தார். முன்கண்ணாடி நடுவில் இல்லை. ஆனால் ஓரங்களில் உடைந்த துண்டுகள் பல்போல அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு மூலையையும் அவர் கையால் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. ஸ்பேனரும் ஆட்டோவில் கிடைத்தது. மோகன் அண்ணன் இப்போது மறியல் சிறையில் இருக்கிறார்.

திங்கட்கிழமை மஹியாவை மயானத்தில் தகனம். சித்தி பயந்ததுதான் நடந்தது. கொள்ளி வைக்கக் கேட்டபோது சித்தியின் கணவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூடப் பொறந்தவன உள்ள வச்சிட்டு நான் கொள்ளி வைக்க மாட்டேன். வாயத் தெறந்தவ வைக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மறுபடி குரல் போய்விட்டது. அப்பாதான் சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வாழ்க்கையில் அவர் அக்காவைப் பார்த்தது மூன்றோ நாலோ தடவை.

"நான் வைக்கிறேன். அவங்க என் புள்ளைக்கு வேல குடுத்தவங்க" என்றார்.

பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. நான் சித்தியோடு வாசல் கேற்றடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மயானத்து அலுவலர் பெரிய புத்தகத்தோடு வெளியே வந்தார். இறந்தவரின் பெயர், வயது எல்லாம் சித்தியிடம் கேட்டு எழுதினார்.

"ரஸ்ஸாவ மொகக்த?" என்று கேட்டார். என்ன தொழில் என்றார்.

சித்தி அழுதுகொண்டே, "தொழில் ஒன்னும் இல்லைங்க. வீட்டுலதான்" என்றார். அவர் எழுதப் போனார்.

"மீன் தொட்டி செய்றவங்க" என்றேன்.

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிங்களத்தில் மறுபடி சொன்னேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் எழுதினார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். இருந்தது.

அந்த நேரம் உள்ளே அப்பா நெருப்பை வைத்திருக்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து முதலில் கறுப்பாக வந்தது. பிறகு வெளுத்தது. பிறகு வானம்தான் தெரிந்தது. நான் கையைக் கூப்பினேன்.

போய்ட்டு வாங்க அக்கா. உங்கள் வேலை என்னவென்று எழுதியாயிற்று.